எடுக்க மறந்த கம்பி

ஆன்றோவுக்கு கேமரா ஃபிளாஷ் ஆகாது. மகள் பெனிட்டாவின் கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும் கண்ணை மூடிக்கொண்டுதான் நிற்கிறார். பளிச்சென்று வெளிச்சம் அடித்தால் முத்துக்கருப்பனின் கருகிய கை தெரியும். அதை யாரிடம் சொல்வது?

தமிழுக்கு போட்டோ டைப்செட்டிங் எந்திரம் உருவாக்கிய இன்ஜினியர் அவர். ஈயமே வேண்டாம், சுழலும் தட்டில் எழுத்து, பின்னால் மின்னும் விளக்கு, முன்னால் படத்தாள். எந்திரத்தின் கதவைத் திறந்தால் மின்சாரம் நின்றுவிட ஒரு சுவிட்ச் உண்டு. திறந்து வைத்துச் சோதிப்பதற்காக, அந்தச் சுவிட்சை ஒரு துண்டுக் கம்பியால் முடக்கி வைப்பார். காரைக்குடி அச்சகத்துக்கு அனுப்பிய எந்திரத்தில் அதை எடுக்க மறந்துவிட்டார். சிக்கிய தாளை எடுக்கக் கதவைத் திறந்து கையை விட்ட ஆபரேட்டர் முத்துக்கருப்பன் மின்சாரம் தாக்கி அங்கேயே போய்விட்டான்.

கம்பெனி சார்பில் விசாரிக்க வந்தவரும் ஆன்றோதான். கம்பியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று எழுதினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

பதினோரு வருஷம் கழித்து, 1994இல், அச்சகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பழைய எந்திரத்தில் தேறுகிற பாகங்களைக் கழற்ற அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். மின் இணைப்பே இல்லை. ஆனாலும் கதவைத் தொடக் கை வரவில்லை.

"நான் முத்துக்கருப்பன் வீட்டுக்காரி, பொன்னழகு. இங்கதான் படத்தாள வெட்டிப் பக்கம் ஒட்டுறேன்" என்று ஒரு பெண் வந்து நின்றாள். "ஒண்ணு கேக்கணும் சார். அன்னைக்குக் காலையில அவுகள வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். சாப்பிடாமப் போனாக. தெரிஞ்சேதான் கைய விட்டாகளா?"

இல்லை என்று சொல்லிவிட்டு நாலு மணி பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். பேய் தன்னை மட்டுமே பிடித்திருக்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாரே, அந்த வெட்கம் அவரை விடவில்லை.

"இல்லம்மா. சுவிட்ச முடக்கி வச்சது நான். அவர்மேல தப்பே இல்ல."

அவள் கத்தவில்லை. விரலில் ஒட்டிய பசையை முந்தானையில் துடைத்தாள்.

"எம்மக கண்டனூர்ல இருக்கா. நான் பேசுன பேச்சுலதான் அப்பா செத்தாகன்னு எங்கிட்டப் பேசுறதையே விட்டுட்டா. வாங்க, அவகிட்டச் சொல்லுங்க."

"அதான் உங்ககிட்டச் சொல்லிட்டேனேம்மா."

"எங்கிட்டச் சொன்னது ஒங்க பாரத்த எறக்கி வைக்க," என்றாள் பொன்னழகு. "எம்பாரம் அங்குட்டுல்ல இருக்கு."