நனீசேயின் மேலண்ணம்

1

பல்வலியில் பிறந்த கதை இது. லெவுக்கா என்ற தீவுத் துறைமுகத்தில் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தபோது அலமாரியில் வரிசையாக இருந்த சாந்து அச்சுகளைப் பார்த்தேன். எல்லாம் மேல்தாடைகள். உங்கள் நாக்கை முன்பற்களுக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். மேலண்ணத்தில் வரிவரியாகச் சில மேடுகள் தட்டுப்படும். ஒருவருக்கு இருப்பதுபோல் இன்னொருவருக்கு அப்படியே இருப்பதில்லை என்கிறார்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அன்று கடல் எண்ணெய் ஊற்றியதுபோல்…’ வேண்டாம். கடல் அழகானால் அதில் அபெனிசா என்ற மீனவர் செத்தது மறந்துபோகும்.

2

மீன்பிடிப் படகில் தீ. போன இருவரும் கருகிவிட்டார்கள். யார் எவரென்று தெரியவில்லை. பல்மருத்துவர் கெலேரா, பல்செட்டுக்காக அபெனிசாவின் வாயில் எடுத்த அச்சைப் பத்திரமாக வைத்திருந்தார். உதடும் நாக்கும் காத்ததால் மேலண்ணம் அழியவில்லை. ஓர் உடலின் வாய் அந்த அச்சோடு வரிக்கு வரி பொருந்தியது. மனைவி விலிமைனாவிடம் உடலை ஒப்படைத்தார்கள்.

3

அடக்கம் முடிந்த சில வாரங்களில் கடாவு தீவிலிருந்து நனீசே என்றொரு பெண் கெலேராவைத் தேடி வந்தாள். அபெனிசாதான் தகப்பன் என்று அவள் அம்மா சாகும்போது சொன்னாளாம்.

(நான் அவளை நம்பவில்லை. சொத்துக்கு வந்தவளாக ஒரு பக்கம் எழுதினேன். அவள் எதுவும் கேட்காமல் வாயைத் திறந்ததும் கிழித்துப் போட்டேன்.)

கெலேரா அச்செடுத்தார். இடப்பக்கத்தில் ஒரு வரி, அபெனிசாவுக்குப் போலவே இரண்டாகப் பிரிந்தது. ஆமாம் என்று சொல்லிவிட அவருக்கு நாக்கு துடித்தது.

“இந்தக் கோடு அவருதுதானே, டாக்டரம்மா?”

“இத வெச்சு செத்தவர் யாருன்னு சொல்லிடுவேன்மா. நீ அவர் பொண்ணான்னு சொல்ல முடியாது. குடும்பத்துல கொஞ்சம் ஜாடை வரும், அவ்வளவுதான். சம்பந்தமே இல்லாத ஒருத்தருக்கும் இப்படிப் பிரிஞ்சிருக்கலாம்.”

நனீசே தலையாட்டினாள். உதட்டில் காய்ந்திருந்த அச்சுமாவைக்கூடத் துடைக்கவில்லை.

4

(முடிவுகளை எழுதி எழுதி அடித்தேன். ஒன்றில் எல்லா வரிகளும் பொருந்தின, அது பொய். இன்னொன்றில் விலிமைனா கதவைச் சாத்திக்கொண்டு…)

இல்லை. நனீசேயைக் கேட்டுக்கொண்டு கெலேரா விலிமைனாவை வரவழைத்தார். அவள் இரண்டு அச்சுகளையும் மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அபெனிசா கடாவில் வேலை பார்த்தது தனக்குத் தெரியும் என்றாள். பிறகு நனீசேயிடம் திரும்பினாள்.

“கடாவுக்காரங்க வாயாலயே ஊர வாங்குவீங்கன்னு தெரியும். இப்படி வாயத் தொறந்து காட்டி வாங்குவீங்கன்னு தெரியாது.”

இந்த ஊரும் கடாவும் ஒன்றையொன்று இப்படிக் கேலி செய்துகொள்வது பழைய உறவுமுறை. நனீசேக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே அழுகையும்.

“ரத்தம் சோதிக்கணும்னா சோதிச்சுக்கோ. அவர் தம்பிய நான் குடுக்கச் சொல்றேன். என்ன வந்தாலும் சரி, நூறாம் நாள் விருந்துக்கு வந்துடு. குடும்பத்தோட எங்க பாயில உக்காரு.”

5

சோதனையின் முடிவை நான் எழுதப்போவதில்லை. ஆமோ, இல்லையோ, உங்கள் இஷ்டம். ஒன்றை மட்டும் உங்களிடம் விடமாட்டேன்: அந்த முடிவு வருவதற்கு முன்பே விருந்து வந்தது. விலிமைனா பாயில் நகர்ந்து உட்கார்ந்தாள். சேப்பங்கிழங்குத் தட்டு வரிசையில் வந்தது. நனீசேயைத் தாண்டிப் போகவில்லை.