நார் பொறுக்கிய கண்

பசுந்தேயிலை கிலோ பன்னிரண்டு ரூபாய்க்கு விழுந்த வருடம் எங்கள் பேக்டரியை இழுத்து மூடினார்கள். இருபது வருடம் அங்கே நார் பொறுக்கியவள் நான். தேயிலைத் தூளில் சிவப்பாகத் தெரியும் காம்புச் சக்கையெல்லாம் நார். அதை எடுத்து எறிந்தால்தான் தூள் தேறும். குன்னூர் வட்டாரத்தில் இந்தத் தபித்தாள் கண்ணுக்குத் தப்பிய நார் இல்லை என்பார்கள். பெருமைதான், சோறு போடாத பெருமை.

ஆறு மாதம் கழித்து அதே கட்டடத்தில் ஒரு கம்பெனி கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்து இறக்கியது. பிள்ளைகள் போனில் பார்க்கும் வீடியோக்களைத் தரம் பிரிக்கும் வேலை. நானும் சேர்ந்தேன். எங்கள் சர்ச்சில் கிட்டார் வாசிக்கும் பிராங்ளின்தான் சூப்பர்வைசர். கண்ணை இழுத்துப் பிடிப்பதற்குச் சிவப்புப் பொத்தான், மற்றதற்குப் பச்சை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் வேறு என்ன நினைப்பேன்? சிவப்பு என்றால் கழிவு. பட்டினி கிடந்து எலும்பைக் காட்டும் பெண், அழுதுகொண்டே தன் முகத்தைத் தானே திட்டும் பிள்ளை, எல்லாவற்றுக்கும் சிவப்பை அழுத்தினேன். ஊர்ப் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறேன் என்ற நினைப்பு எனக்கு. மாதக் கடைசியில், நல்ல கண் என்று குக்கர் பரிசு வேறு கொடுத்தார்கள்.

அந்த மாதம்தான் என் மகள் ரேச்சல் சாப்பாட்டைக் குறைத்தாள். பதின்மூன்று வயது. முதலில் இரவுச் சோறு வேண்டாம் என்றாள், பிறகு காலை இட்லியும். சட்டை தோளில் நிற்கவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று டீச்சர் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் அவள் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தேன். எடை மெஷின் மேல் நின்று அழும் ஒரு பெண். திங்கட்கிழமை நான் சிவப்பு அழுத்திய அதே பெண். ரேச்சல் விரலால் தள்ளினாள். அடுத்ததும் நான் அழுத்தியது. அதற்கடுத்ததும்.

மறுநாள் பிராங்ளினைப் பிடித்துக் கேட்டேன். அவனுக்கு என் கேள்வியே விளங்கவில்லை.

"சிவப்புன்னா குப்பைன்னு யாருங்கக்கா சொன்னாங்க? புள்ளைங்க கண்ணெடுக்காமப் பாக்கறது எதுன்னு நீங்க காட்டறீங்க. அதைத்தானுங்க கம்பெனி நெறைய அனுப்பும்."

வேலையை அந்த இடத்திலேயே விட்டேன். வெளியே எந்த நாற்காலி காலியாகும் என்று ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். எல்லோரும் பழைய பேக்டரிக்காரிகள், நல்ல கண்ணுள்ளவர்கள். விஷயத்தைச் சொன்னேன். ஒருத்தியும் வரிசையை விட்டு நகரவில்லை.

வீட்டுக்கு வந்து ரேச்சலிடம் போனைக் கேட்டேன். நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவள் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"எனக்குன்னே யாரோ தேடித் தேடி அனுப்பறாங்கம்மா. என்னைப் புரிஞ்சவங்க அவங்க மட்டுந்தான்."

"அது நாந்தான் கண்ணு," என்றேன். அழுகையை அடக்க முடியவில்லை.

ஒரு மாதமாகப் போனையே பார்த்துக்கொண்டிருந்தவள் அப்போதுதான் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அப்படீன்னா நிறுத்திராதீங்கம்மா."