வைப்பர் தகட்டில் ஒரு சாவி

அந்த மூன்று மாடித் துணிக்கடையில் அவளை எல்லோரும் வாயாடி என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கும் அதில் வருத்தமில்லை. வேலை பார்ப்பது பெண்கள் உள்ளாடைப் பிரிவில். வருகிறவர்கள் வாய் திறக்கவே கூச்சப்படுகிற இடத்தில், அவளே அளவைக் கேட்டு, அவளே சிரித்து, அவளே எடுத்துக் கொடுத்துவிடுவாள். வாய் இல்லாதவள் அங்கே நின்றால் ஒரு பெட்டிகூட நகராது.

அந்த வாயே அடைத்துப்போகிற இடம் ஒன்று கடையில் இருந்தது. படிக்கட்டுக்குப் பின்னால், அட்டைப்பெட்டிகள் அடுக்கிய நடைவழியின் கோடியில், பெண் ஊழியர்களுக்கான கழிப்பறை. அதன் கதவில் ஒரு பித்தளைப் பூட்டு தொங்கியது. சாவி சூப்பர்வைசரின் இடுப்பு வளையத்தில். போக வேண்டுமென்றால், ஆளும் பேருமாக நிற்கிற விற்பனைக் கூடத்தின் நடுவே போய் அவரிடம் கை நீட்ட வேண்டும்.

கேட்டவுடன் கொடுத்துவிட்டால் அப்புறம் அவர் என்ன சூப்பர்வைசர்? முதலில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். "இப்பதானே போயிட்டு வந்தே?" என்பார். சட்டைப் பிரிவு ஆண்கள் காதில் விழட்டும் என்று, "வீட்டுல தண்ணித் தொட்டியையே குடிச்சுட்டு வந்தியா?" என்பார். அதற்குள் அவருக்கு ஒரு போன் வரும். வளையத்தை விரலில் சுற்றிக்கொண்டே ஊர்க்கதை பேசுவார். கேட்டவள் இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறி மாறி நிற்பாள். ஆண்கள் கழிப்பறைக்குப் பூட்டே கிடையாது. ஏன் என்று கேட்டால், "அவங்க உள்ள போய்க் கதை பேசறதில்லை" என்று பதில் வரும்.

அதனால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். உதடு காய்ந்தால் நாக்கால் நனைத்துக்கொள்வார்கள். வாயாடியும் அப்படித்தான் இருந்தாள், அடிவயிற்றில் நெருப்பு வைத்தது மாதிரி எரிச்சல் வந்து, காய்ச்சலில் படுக்கிறவரை.

டாக்டரம்மா பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "தண்ணி குடிக்கிறீங்களாம்மா?"

"குடிச்சா சாவி கேக்கணுமே டாக்டர்."

அவருக்குப் புரியவில்லை. அவள் விளக்கிச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார். "சிறுநீர்ல கிருமி. இது சிறுநீரகத்துக்கு ஏறினா விளையாட்டில்லைம்மா. நல்லாத் தண்ணி குடிங்க. வந்தா அடக்காதீங்க. மாத்திரை எழுதித் தர்றேன், ஆனா அது மட்டும் போதாது" என்றார்.

காய்ச்சல் விட்டதும் வாயாடி சூப்பர்வைசரிடம் போய்ப் பணிவாகவே கேட்டாள். "சார், இன்னொரு சாவி போட்டு எங்க பிரிவுல மாட்டிடலாம். உங்களுக்கும் தொந்தரவு இருக்காது."

"எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே. வேணும்னா கேளு, தர்றேன்."

"கேட்டா உடனே தர்றதில்லையே சார்."

"பூட்டு சாவியெல்லாம் உன் வேலையில்லை. போய் அளவு பாரு, போ."

அவள் திரும்பி நடந்தாள். காது மடல் கொதித்தது. பூட்டு என் வேலையில்லையா? பார்த்துடலாம் என்று மனசுக்குள் ஒரு முடிச்சு விழுந்தது.

விடுமுறை நாளன்று காலையிலேயே பழைய இரும்புக் கடைக்குப் போனாள். கழிப்பறைக் கதவில் தொங்குவதற்குக் கூடப்பிறந்தது மாதிரி இருந்த இரண்டு பூட்டுகளைக் குவியலில் தேடி எடுத்தாள். அவள் கணவன் பள்ளி வேன் ஓட்டுகிறவன். அவனுடைய ரம்பத்தை எடுத்து, சமையலறைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, ஒரு பூட்டை நெடுகப் பிளந்தாள். உள்ளே வரிசையாகச் சின்னப் பித்தளைக் குச்சிகள். ஒவ்வொன்றின் தலையிலும் கடுகளவு ஸ்பிரிங். சாவியின் பல் அந்தக் குச்சிகளை அதனதன் உயரத்துக்குத் தூக்கிக்கொடுத்தால் உருளை சுற்றும். அவ்வளவுதான் சங்கதி.

"இதை வெச்சுக்கிட்டா இவ்வளவு பவுசு?" என்று பூட்டிடமே கேட்டாள்.

கணவன் எட்டிப் பார்த்தான். "என்ன, வேலையை விட்டுட்டுத் திருடப் போறியா?"

"ஒண்ணுக்குப் போகப் போறேன்."

அவன் சிரிக்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். மருந்துச் சீட்டு இன்னும் அலமாரியில் கண்ணாடி டம்ளருக்கு அடியில்தான் இருந்தது.

முதலில் கொண்டை ஊசியை நெளித்துப் பார்த்தாள். பிளக்காத பூட்டுக்குள் போனதும் வெண்ணெய் மாதிரி வளைந்தது. கடையில் பழுதென்று கழித்துப் போட்ட உள்ளாடைகளிலிருந்து உருவிய கம்பி, வளையாமல் நின்றதே தவிர துவாரத்துக்குப் பருமனாக இருந்தது. உடைந்த குடையின் கம்பியைத் தேய்த்துத் தேய்த்து மெலிதாக்கினாள். சரியாக வந்த நேரத்தில் படக்கென்று ஒடிந்து, முனை பூட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. அதைக் குறட்டால் பிடுங்கி எடுப்பதற்குள் மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது.

கணவன் எழுந்து வெளியே போனான். வரும்போது வேனிலிருந்து கழற்றிய பழைய வைப்பர் ஒன்று கையில் இருந்தது. ரப்பரை உரித்தான். அதன் முதுகில் ஓடிய மெல்லிய எஃகுத் தகட்டை உருவி அவள் மடியில் போட்டான். "இது மழையிலயும் வெயிலிலயும் வளைஞ்சு வளைஞ்சு நிமிர்ற சரக்கு. பாரு."

அவள் அரத்தை எடுத்தாள். தகட்டின் நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தாள். சூடேறினால் எஃகின் விறைப்பு போய்விடும் என்று அவன் சொன்னதால், அடிக்கடி கிண்ணத்துத் தண்ணீரில் தோய்த்தாள். நுனி ஒரு குருவி அலகு மாதிரி மேல்நோக்கி வளைந்து வந்தது. முரடு இருந்தால் உள்ளே சிக்குமென்று உப்புத்தாளால் வழவழப்பாக்கினாள். பிடிக்கும் பக்கத்தில் சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றினாள்.

அப்படியும் திறக்கவில்லை. குச்சிகளைத் தூக்கினால் தூக்கின வேகத்தில் இறங்கிவிடுகின்றன. பிளந்த பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான் மண்டையில் உறைத்தது. சாவி தூக்குவதோடு நிற்கவில்லை, கூடவே திருகவும் செய்கிறது. இன்னொரு துண்டுத் தகட்டின் நுனியை வளைத்து, துவாரத்தின் கீழ்விளிம்பில் வைத்து, பூனையைத் தொடுவது மாதிரி லேசாக அழுத்தினாள். அழுத்தம் இருக்கும்போது, தூக்கின குச்சி தூக்கின இடத்தில் நின்றது. விரலுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒரு சின்னச் சொடுக்கு. அடுத்தது. அதற்கடுத்தது. உருளை சுற்றி, பூட்டின் வளையம் துள்ளி வெளியே வந்தது.

"என்னங்க!" என்று அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரம்மா சன்னலைத் திறந்தாள்.

அதற்குப் பிறகு அவள் சூப்பர்வைசரிடம் கை நீட்டவே இல்லை. போவாள், திறப்பாள், வேலையை முடித்துவிட்டுப் பூட்டை அழுத்தி மூடிவிட்டு வருவாள். திரைச்சீலைப் பிரிவுக்காரி கேட்டாள். அவளுக்கும் ஒரு ஜோடி செய்து கொடுத்தாள். கல்லாவில் இருப்பவள் கேட்டாள். தைத்துக்கொடுக்கிற அக்கா, "பூட்டுக்குள்ள எனக்குக் கண்ணு தெரியாதே" என்று தயங்கினாள். "இதுக்குக் கண்ணு வேண்டாம்க்கா, விரல் போதும்" என்று சாப்பாட்டு இடைவேளையில் சொல்லிக் கொடுத்தாள். வேன் நிறுத்தத்தில் தேய்ந்த வைப்பர்களுக்கெல்லாம் திடீரென்று மவுசு வந்தது. கடையில் ஒவ்வொரு பிரிவிலும் பெரிய பெரிய தண்ணீர் பாட்டில்கள் முளைத்தன.

சூப்பர்வைசருக்கு அதுதான் உறுத்தியது. எல்லோரும் மடக்கு மடக்கென்று குடிக்கிறார்கள், ஒருத்தியும் சாவி கேட்கவில்லை. பூட்டை மாற்றினார். ஒரு நாள் எல்லோரும் திண்டாடினார்கள். மறுநாள் அதுவும் திறந்தது.

கடைசியில் தையல் அக்காவின் பையிலிருந்து தகடுகள் நழுவி விழுந்தபோது பிடித்துவிட்டார். "அது நான் செஞ்சது சார்" என்று வாயாடி முன்னால் வந்தாள்.

கூட்டம் அலைமோதுகிற நேரம். அவர் அவளைக் கல்லாவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, தகடுகளை உயர்த்திப் பிடித்தார். "எல்லாரும் பாருங்க! இது திருட்டுச் சாமான். நம்ம கடையில சம்பளம் வாங்கற பொம்பளை பண்ணியிருக்கா. போலீஸைக் கூப்பிடப் போறேன்."

துணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். அவள் தலையைக் குனிவாள் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவள் குனியவில்லை.

"கூப்பிடுங்க சார். வந்தவுடனே எந்தப் பூட்டைத் திறந்தேன்னு கேப்பாங்க. அதையும் இவங்க எல்லாருக்கும் சொல்லிடுங்களேன்."

அவர் தகடுகளைப் பிடித்த கையை இறக்கினார்.

"நீங்க சொல்லமாட்டீங்க. நான் சொல்றேன்." பழகின குரல், மாடிவரை போகும். "கல்லாவைத் திறக்கலைம்மா. சரக்கு அறையைத் திறக்கலை. பொம்பளைங்க கக்கூஸைத் திறந்தேன். இவர் பூட்டி வெச்சு, சாவியை இடுப்புல சொருகிக்கிட்டு, எங்களைக் கெஞ்ச விடறார். அடக்கி அடக்கி எனக்கு நோய் வந்துடுச்சு. ஆமா, பண்ணினேன். இதைப் பிடுங்கினா இன்னொண்ணு பண்ணுவேன்."

மகளோடு படுக்கை விரிப்பு வாங்க வந்த ஒரு வயதான பெண்மணி, கையிலிருந்ததை மேசையில் வைத்தார். "அந்தச் சாவி இதுதானா தம்பி?" என்று சூப்பர்வைசரின் இடுப்பைக் காட்டிக் கேட்டார். சூப்பர்வைசர் தன்னை அறியாமல் வளையத்தைக் கையால் மறைத்தார். "வா, போகலாம்" என்று அந்தம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார். பின்னாலேயே இன்னும் இரண்டு மூன்று பேர் இறங்கினார்கள். ஒருத்தி போகிற போக்கில், "வெட்கக்கேடு" என்று துப்பாத குறையாகச் சொன்னாள்.

மாலையில் முதலாளி அவளை அறைக்குக் கூப்பிட்டார். சூப்பர்வைசர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பூட்டை எடுக்கச் சொல்லிட்டேன்" என்றார் முதலாளி. "நீயும் கூட்டத்துல சத்தம் போட்டது தப்பு. அவர்கிட்ட ஒரு மன்னிப்பு கேட்டுடு. உன்கிட்ட மிச்சம் இருக்கற தகடுகளையும் கொடுத்துடு."

"மன்னிப்பெல்லாம் வராது சார். சத்தத்தை ஆரம்பிச்சது அவர்தான். தகடு எங்க வீட்டு வைப்பர், அதையும் தரமாட்டேன்."

முதலாளி நெற்றியைத் தேய்த்தார். இவளை வேலையை விட்டு அனுப்பினால் உள்ளாடைப் பிரிவில் ஈ ஓட்ட வேண்டியதுதான் என்று அவருக்குத் தெரியும். "நாளையிலேர்ந்து உன் பிரிவோட மூணாவது மாடிக்குப் போ" என்றார்.

மூணாவது மாடியில் மின்விசிறி சரியாகச் சுற்றாது. தண்டனைதான். அவளுக்கும் அது புரிந்தது.

"போறேன் சார். இன்னொண்ணு. அந்தக் கதவுக்கு வெளியிலதான் இத்தனை நாள் பூட்டு தொங்கிச்சு, உள்ள தாழ்ப்பாளே இல்லை. ஒரு கையால கதவைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உட்கார்றோம். அதையும் போட்டுடச் சொல்லுங்க."

முதலாளி சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி" என்றார் முதலாளி.

தாழ்ப்பாள் வந்தது, நல்ல கனமான இரும்புத் தாழ்ப்பாள். முதலில் உள்ளே போனவள் வாயாடி. படாரென்று போட்ட சத்தம் நடைவழி முழுக்கக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மூணாவது மாடியில் ஆள் இல்லையென்று படிக்கட்டுப் பக்கமிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"வர்றேன், இருங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "முடிச்சுட்டுத்தான் வருவேன்."