எடுத்துக்காட்டு வாக்கியம்

"மேடம், கம்ஃபர்ட்டுக்கு எடுத்துக்காட்டு விட்டுப்போயிருக்கு. சாயங்காலம் அச்சுக்குப் போகணும்" என்று மெய்ப்பு பார்ப்பவர் தாளை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதி. இடது பக்கம் கம்ஃபர்ட், அதாவது ஆறுதல்: லத்தீனில் வலிமையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, வலுவூட்டுதல் என்பது பழைய பொருள். வலது பக்கம் டிரபிள்: தண்ணீரைக் கலக்கிச் சேறாக்குவதிலிருந்து பிறந்தது. அதற்கு மட்டும் எடுத்துக்காட்டு மூன்று எழுதி வைத்திருந்தேன். கேட்பானேன்.

நிஜமாக யாராவது சொன்னதையோ செய்ததையோதான் எடுத்துக்காட்டாக எழுத வேண்டும் என்பது நானே போட்ட விதி. 'அவள் தன் அக்காவுக்கு ஆறுதல் சொன்னாள்' என்று எழுதினேன். உடனே அடித்தேன்.

எட்டு மாதம் முன்பு அத்தான் இறந்த மூன்றாம் நாள், அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே எப்படி இருக்கப்போறேன்னு ஒரே வொர்ரியா இருக்குடி" என்றாள். நானும் சும்மா இருந்திருக்கலாம். "பழைய இங்கிலீஷ்ல அதுக்குக் கழுத்தை நெரிக்கிறதுன்னு அர்த்தம்க்கா" என்றேன். முப்பது வருஷப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது. உன் வேதனை எனக்குப் புரிகிறது என்பதைத்தான் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொன்னேன். அவள் கையை உருவிக்கொண்டாள். "நான் அகராதி கேக்கலடி."

அன்றிலிருந்து போன் இல்லை. நானும் ரோஷக்காரி, பண்ணவில்லை. கல்யாணம் செய்துகொள்ளாத எனக்கு அக்காவை விட்டால் ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வாய் திறந்து பேசாமலே பொழுது சாய்ந்துவிடுகிறது. அவளுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று தெரிந்தும் போகாமல் இருந்ததுதான் என்னை அரித்தது.

எடுத்துக்காட்டு இல்லாமலே தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அரை நாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறிப் போனேன்.

கதவைத் திறந்த அக்கா இளைத்துப்போயிருந்தாள். "வழி தெரிஞ்சுதா?" என்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நானாகப் போய் உட்கார்ந்தேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"தனியா கிடந்து பைத்தியம் பிடிக்குதுடி" என்றாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. பைத்தியம் என்ற சொல் எதிலிருந்து வந்தது என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"என்ன, எதுவும் சொல்ல மாட்டியா?"

"எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியலக்கா."

எதிரில் இருந்த நாற்காலி முழுக்க அத்தானின் சட்டைகள், மடித்தது மடித்தபடி, உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் உயரத்துக்கு இருந்தன. அக்கா அவற்றைக் கலையாமல் இரண்டு கையாலும் அள்ளினாள். வைக்க இடம் தேடினாள். பிறகு மொத்தத்தையும் என் மடியில் வைத்துவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். சட்டைகள் சரியாமல் இருக்க நான் மோவாயால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.