நூற்று அறுபத்து மூன்று கிலோமீட்டர்

என் தங்கை ஹெத்விகாவைக் கட்டியவன் லுபோஷ். ஊர்ப் பள்ளியில் பூகோள வாத்தியார். அந்தக் கல்யாணத்துக்கு முன்பே எனக்கும் அவனுக்கும் பழக்கம். எங்கள் ஊர்ப் பெஸ்கிடி மலையில் ஒரே சரிவில் ஓடி, ஒரே வருஷத்தில் பாராகிளைடர் என்ற துணி இறக்கையில் பறக்கக் கற்றவர்கள் நாங்கள். நான் மர அறுவை ஆலையில் வேலை பார்க்கிறேன். எங்கள் மலை சின்னது. அரை நாள் பறந்தால் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்து முடித்துவிடலாம். ஆல்ப்ஸ் மலையில் ஒரு கோடை முழுக்கப் பறக்க வேண்டும் என்று பதினொரு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தோம். நாற்பத்துநாலு வயதில்தான் எனக்கு ஆலையில் சம்பளமில்லாத ஆறு வாரம் கிடைத்தது. அவனுக்குப் பள்ளி விடுமுறை. ஜூலை முதல் சனிக்கிழமை என் பழைய வேனில் கிளம்பினோம்.

முதலில் ஸ்லோவேனியா, சோச்சா ஆற்றுப் பக்கம். அங்கே நான்காவது நாள் நான் காற்றைத் தவறாகக் கணித்துத் தரையிறங்கும் இடத்துக்கு வந்து சேர முடியாமல், ஆற்றின் மறுகரையில் கூழாங்கல் மேட்டில் இறங்கினேன். அடி ஒன்றுமில்லை. ஆனால் பாலம் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி. லுபோஷ் அப்போது என் தலைக்கு மேலே ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருந்தான். அவனுக்கு அன்று நல்ல ஏறுகாற்று. சாயங்காலம் வரை பறந்திருக்கலாம். அவன் சுழன்று சுழன்று இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றான்.

"உன்னை யாரு வரச் சொன்னா மாப்ள?" என்றேன்.

"இருபது கிலோ மூட்டையைத் தூக்கிக்கிட்டு நீ தனியா நடந்தா, வழியில யாரைத் திட்டுவ? ஆள் வேணும்ல."

ஒன்பது கிலோமீட்டரும் அவன் பேசிக்கொண்டே வந்தான். அந்த ஆற்றுக்கு ஏன் அந்தப் பச்சை நிறம், அது எங்கே கடலில் சேர்கிறது என்றெல்லாம். அவன் சுபாவமே அதுதான். தரையில் பேசினான். வானத்தில் அதைவிட அதிகம் பேசினான். காதருகே மாட்டிய வாக்கிடாக்கியில் அவன் குரல் ஓயாது.

"மச்சான், கீழ பாரு. அந்த சர்ச்சோட கூரை வெங்காயம் மாதிரியே இருக்கு."

"வெங்காயம் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? மேல ஏறுற வழியப் பாரு."

"ஏறுறேன், ஏறுறேன். வெங்காயமும் பாக்குறேன்."

ஸ்லோவேனியாவிலிருந்து இத்தாலிக்குப் போனோம். ஃபெல்ட்ரே ஊரில் எட்டு நாள் மழை. வேனுக்குள் சீட்டாடி, சோளக்கூழும் பாலாடைக்கட்டியும் தின்று கிடந்தோம். அவனுக்கு அதுவும் சந்தோஷமாக இருந்தது. எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. ஆறு வாரத்தில் நான்கு வாரம் போய்விட்டது. நான் பறந்த அதிகபட்ச தூரம் எழுபது கிலோமீட்டர். அதை ஊரில் போய்ச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆகஸ்ட் ஆறாம் தேதி ஆஸ்திரியாவில் கிரைஃபன்புர்க் வந்து சேர்ந்தோம். நீண்ட பள்ளத்தாக்கு, வடக்கே நேர்கோடாக ஓடும் மலைத்தொடர், அதை ஒட்டி மேற்கே போய்த் திரும்பி வருபவர்கள் அங்கே நூற்றுக்கணக்கில். ஒன்பதாம் தேதி காலை மேலே கிளம்பும் சரிவில் நின்றபோதே தெரிந்துவிட்டது, வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் அப்படி ஒரு நாள் வாய்க்கும். மேகங்கள் உயரத்தில், ஒரே அளவில், வரிசையாக.

"இன்னிக்கு நூறைத் தாண்டணும் மாப்ள. பேச்சைக் குறைச்சுக்க."

"நீ முன்னால போ. நான் பின்னாலயே வர்றேன். ஆனா காதை மட்டும் தெறந்து வை."

இருவரும் ஒன்றாகத்தான் கிளம்பினோம். முதல் ஒரு மணி நேரம் அவன் என் இடப்பக்கம் தெரிந்தான், மஞ்சள் இறக்கை. பிறகு அவன் ஒரு மலைமுகட்டில் சிக்கித் தாழ்ந்துவிட்டான். நான் மூவாயிரத்து நானூறு மீட்டருக்கு ஏறினேன். என் வாழ்க்கையில் அந்த உயரம் அதுவே முதல் தடவை. தெற்கே டோலமைட் மலைகள் வெள்ளைப் பற்களாக வரிசை கட்டி நின்றன. கை விரைத்திருந்தது, மனசு பொங்கிக்கொண்டிருந்தது. அப்போது காதில் அவன் குரல்: "மச்சான், இங்க ஒரு பெரியம்மா வைக்கோல் காயப் போட்டிருக்கு. வாசனை இங்க வரைக்கும் வருது. உனக்கு வருதா?"

நான் கையை உயர்த்தி வாக்கிடாக்கியின் சத்தத்தைக் குறைக்கும் திருகைத் திருப்பினேன். முழுக்க.

பத்து நிமிஷம் என்றுதான் நினைத்தேன். மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். மூன்று தடவை கை அதை நோக்கிப் போனது. அடுத்த முகடு தாண்டட்டும், அடுத்த மேகத்துக்குக் கீழே போய்ச் சேரட்டும் என்று மூன்று தடவையும் கையை இறக்கினேன். அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது.

கிரைஃபன்புர்க் புல்வெளியில் நான் இறங்கியபோது சாயங்காலம் ஆறு மணி. நூற்று அறுபத்து மூன்று கிலோமீட்டர். முன்பின் தெரியாதவர்கள் முதுகில் தட்டினார்கள். ஒருவர் பீர் வாங்கிக் கொடுத்தார். பாதி குடித்த பிறகுதான் கைபேசியை எடுத்தேன். ஒரே எண்ணிலிருந்து ஏழு அழைப்புகள். ஆஸ்திரிய எண்.

நடந்தது இதுதான். தாழ்ந்துபோன லுபோஷ் ஒரு குறுகிய கிளைப் பள்ளத்தாக்குக்குள் தள்ளப்பட்டான். மதியக் காற்று அங்கே முறுக்கிக்கொண்டு அடிக்கும். வைக்கோல் சரிவில் இறங்கப் பார்த்தபோது தரைக்கு இருபது மீட்டர் மேலே இறக்கை மடங்கிவிட்டது. விழுந்ததில் இடுப்பெலும்பும் இடது குதிகாலும் உடைந்தன. கைபேசி பாறையில் மோதி நொறுங்கியது. வாக்கிடாக்கி மட்டும் வேலை செய்தது. அந்தச் சந்திலிருந்து அது வேறு யாருக்கும் எட்டாது. நேர் மேலே உயரத்தில் இருப்பவனுக்கு எட்டும். அந்த நேரத்தில் நான் அதற்கு மேலேதான் இருந்தேன். எவ்வளவு நேரம் அங்கேயே சுற்றி உயரம் ஏறினேன் என்று என் கருவியே பதிந்து வைத்திருக்கிறது: பதினெட்டு நிமிஷம்.

மூன்றரை மணி நேரம் அவன் கிடந்தான். மயங்கிவிடாமல் இருக்க, உலக நாடுகளின் தலைநகரங்களை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தானாம். வைக்கோலைப் புரட்ட வந்த நோட்பூர்கா என்ற அறுபது வயது அம்மாள்தான் அதைக் கேட்டு வந்திருக்கிறாள். அவள்தான் மீட்புப் படைக்குச் சொன்னாள். அவன் வாய்விட்டுச் சொன்ன என் எண்ணுக்கு ஏழு தடவை அழைத்ததும் அவள்தான்.

லீன்ஸ் ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, அறுவைச் சிகிச்சைக்கு அவனைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். முகம் சுண்ணாம்பாக இருந்தது. என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான்.

"மச்சான், நான் கூப்பிட்டது கேக்கலையா?"

அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டான், அவ்வளவுதான். வழியெல்லாம் நான் யோசித்து வைத்திருந்த எந்த வார்த்தையும் வரவில்லை. வந்தது வேறு.

"பேட்டரி போயிடுச்சு மாப்ள."

"நானும் அதைத்தான் நெனச்சேன்," என்று கண்ணை மூடிக்கொண்டான். "சரி, எவ்வளவு தூரம் போன?"

சொன்னேன். "அடேங்கப்பா," என்றான். அதற்குள் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஹெத்விகா மறுநாள் ரயிலில் வந்தாள். எலும்பு கூடிவிடும் என்றார் டாக்டர். ஆனால் கால் மடங்கி அழுந்திக் கிடந்ததில் நரம்பு பாதிக்கப்பட்டிருந்தது. பாதத்தில் உணர்ச்சி திரும்புவது சந்தேகம். இரண்டு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் ஒருவேளை, என்றார். அந்த 'ஒருவேளை'யை நான் அன்று முதல் சுமக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து ஊர் திரும்பினோம். ஆம்புலன்ஸ் வேண்டாம், போன வேனிலேயே வருவேன் என்று அவன் அடம்பிடித்தான். பின்னால் மெத்தையில் அவன், முன்னால் நானும் ஹெத்விகாவும். ஒன்பது மணி நேரப் பயணம். வலி குறைந்திருந்த நேரமெல்லாம் பின்னாலிருந்து பேசினான், வழியில் வந்த ஒவ்வொரு ஆற்றின் பெயரையும் சொன்னான். அந்த ஒன்பது மணி நேரத்தில் எந்த இடத்திலும் நான் வேனை ஓரம் கட்டிச் சொல்லியிருக்கலாம். எல்லையைத் தாண்டியதும் சொல்லலாம் என்று நினைத்தேன். ப்ர்னோ நகரம் தாண்டியதும். வீட்டுக்குப் போனதும்.

வீட்டுக்கு வந்ததும் சொல்ல வழியே இல்லாமல் போய்விட்டது. பறப்பவர் சங்கத்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். லுபோஷ் எல்லோரிடமும் கதையைச் சொன்னான். தலைநகரங்களைச் சொன்ன இடத்தில் சிரிக்க வைத்தான். என்னைப் பற்றி வந்தபோது, "பாவம், இவன் பேட்டரி செத்துப்போச்சு. இல்லேன்னா முதல் ஆளா வந்து நின்னிருப்பான்," என்றான். யாரோ ஒருவர், கிளம்புவதற்கு முன் பேட்டரியைப் பார்க்க வேண்டாமா என்று என்னைக் கேட்டார். லுபோஷ் அவர்மேல் பாய்ந்தான். "உங்களுக்கு எதுவும் ரிப்பேர் ஆனதே இல்லையா? என் மச்சானை ஒண்ணும் சொல்லாதீங்க."

கிறிஸ்மஸுக்கு மறுநாள் மதியம் அவர்கள் வீட்டில் சாப்பாடு. லுபோஷ் ஊன்றுகோலோடு வந்து சின்னப் பொட்டலம் ஒன்றை என் கையில் வைத்தான். பிரித்தேன். வாக்கிடாக்கிக்குப் புது பேட்டரி.

"இனிமே சாக்கு சொல்ல முடியாது," என்று சிரித்தான்.

நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். ஹெத்விகா உருளைக்கிழங்கு சாலட்டைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவர்கிட்ட சொல்லப் போறியா?"

"சொல்லணும்."

"எதுக்கு? அவர் கால் வந்துடுமா? நாலு மாசமா அவர் படுத்துத் தூங்குறதே உன்னை நம்பித்தான். அதையும் பிடுங்காத அண்ணே. நீயே வச்சுக்க. உனக்கு அது தண்டனைன்னு நெனச்சுக்க."

மார்ச் வரை வைத்துக்கொண்டேன். மார்ச்சில் டாக்டர், இனி பறக்கக் கூடாது என்று அவனிடம் முடிவாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை என்னை வரச் சொன்னான். கூடத்தில் அவன் இறக்கைப் பையைத் தயாராக எடுத்து வைத்திருந்தான்.

"இதை நீ எடுத்துக்க மச்சான். வேற யார்கிட்டயும் போறதுல எனக்கு இஷ்டமில்ல."

பையைத் தொட என் கை போகவில்லை. நின்றபடியே சொன்னேன். திருகைத் திருப்பியது, கை மூன்று தடவை போனது, அமைதி பிடித்திருந்தது, எல்லாவற்றையும். அவன் குறுக்கே பேசவில்லை. அவன் குறுக்கே பேசாமல் நான் பார்த்தது அன்றுதான்.

முடித்த பிறகு கேட்டான்: "வைக்கோல் வாசனைன்னு சொன்னேனே, அப்பவா?"

"ஆமா."

தலையை ஆட்டினான். "தொல்லையா இருந்துச்சுன்னா, மூடுடான்னு சொல்லியிருக்கலாம். எத்தனை தடவ சொல்லியிருக்க." பிறகு, "இல்ல, அது கூடப் பரவால்ல. நானா இருந்தாலும் அந்த உயரத்துல ஒரு நிமிஷம் செஞ்சிருப்பேனோ என்னவோ. ஆஸ்பத்திரியில சொல்லியிருக்கணும் நீ. நாலு கெட்ட வார்த்தை திட்டியிருப்பேன், முடிஞ்சிருக்கும். இப்ப பாரு, ஏழு மாசமா ஊர் பூரா உனக்காகப் பொய் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். அது பொய்னு எனக்கே தெரியாம. என்னை முட்டாளாக்கிட்ட."

"மாப்ள..."

"இப்ப வீட்டுக்குப் போ."

போனேன். ஹெத்விகா வாசல் வரை வந்தாள். "உன் பாரத்தை இறக்கி வைக்க அவர் மடிதான் கெடச்சுதா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. சண்டை எதுவும் இல்லை. அம்மாவின் பிறந்தநாளுக்கு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். ஆலையில் வேலை எப்படி என்று கேட்பான், சொல்வேன். மழையைப் பற்றிப் பேசுவோம். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறான். சங்கத்தில் அவன் உண்மையை யாரிடமும் சொல்லவில்லை. நான்தான் போய்ச் சொன்னேன். பாதிப் பேர் என்னோடு பறக்க வருவதில்லை. அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. மஞ்சள் இறக்கையை அவன் போலந்துக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டான்.

வகுப்பில் இப்போது உட்கார்ந்தபடிதான் பாடம் நடத்துகிறானாம். பிள்ளைகளுக்கு அவனை இன்னமும் பிடிக்கும் என்று கேள்விப்பட்டேன்.

இந்தக் கோடையில் அவனும் ஹெத்விகாவும் ரயிலில் போர்ச்சுகலுக்குக் கடல் பார்க்கப் போனார்கள். அங்கிருந்து எனக்கு ஒரு தபால் அட்டை வந்தது. வெயில் நன்றாக இருக்கிறது, மீன் மலிவு என்று இரண்டு வரி. கீழே இருவர் பெயர்களும் இருந்தன. இரண்டும் ஹெத்விகாவின் கையெழுத்து.