சட்டைப் பையில் எரிந்த சாவி

இஸ்திரிக் கம்பெனி சூப்பர்வைசரின் சட்டைப் பையில் ஒரு சாவி பதினோரு ஞாயிற்றுக்கிழமைகள் எரிந்தது. சட்டை கருகவில்லை. ஆறாவது வாரத்திலேயே சபைக்காரர்களுக்கு அது பழகிவிட்டது. கண் மங்கியவர்கள் அவர் பக்கத்தில் இடம் பிடித்து, அந்த வெளிச்சத்தில் வேதப்புத்தகம் வாசித்தார்கள்.

கம்பெனியில் சட்டை திருட்டுப் போகும் என்று வேலை நேரத்தில் பின்கதவை அவர் பூட்டிவைப்பார். சாயங்காலம் வாட்ச்மேன் தலை எண்ணி வெளியே விடுவார். துணிக்கட்டுகளில் தீப்பிடித்த அன்று உள்ளே போனவர்கள் முப்பத்தொரு பேர், முன்வாசல் வழியாக வெளியே வந்தவர்கள் முப்பது. மிச்சமிருந்த ஒருத்தி பின்கதவடியில் கிடந்தாள். விசாரணையில் சூப்பர்வைசர் சத்தியம் செய்து சொன்னார்: "அந்தக் கதவுக்குச் சாவியே கிடையாதுங்க, திறந்துதான் இருந்துச்சு. இழுக்க வேண்டிய கதவ அந்தப் பொண்ணு தள்ளியிருக்கு. பயம், பாவம்." வழக்கு அதோடு முடிந்தது. அடக்க ஆராதனையில் முதல் வரிசையில் நின்று எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடியவரும் அவர்தான்.

செத்தவளின் தங்கை மைக்செட் கடையில் ஸ்பீக்கர் பழுது பார்ப்பவள். அக்காவைப் புதைத்த பிறகு மெதுவான பாட்டு எதைக் கேட்டாலும் யாரோ தன் வாயைப் பொத்துவது போலிருந்தது அவளுக்கு. ஜெபத்தையும் விட்டாள். ஒருநாள் பழுதுக்கு வந்த பெட்டியில் சிக்கியிருந்த கேசட்டைப் போட்டுப் பார்த்தாள். கிடார் அலற எவனோ ஒருவன், அன்னிக்கு எங்கேய்யா போயிருந்தே என்று கர்த்தரிடமே சண்டை போட்டுக்கொண்டிருந்தான். பாட்டு முடியும்போது அதே கிழிந்த தொண்டையில் அவரைவிட்டால் தனக்கு ஆளில்லை என்றும் சொன்னான். இப்படியும் ஜெபிக்கலாம் என்று இருபத்திரண்டு வருஷமாக அவளுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. உடைந்த கிடார் ஒன்றை ஒட்டவைத்து, விரல்தோல் மூன்று தடவை உரிந்து முளைக்கும்வரை வாசித்துக் கற்றாள்.

ஆராதனையில் வாசிக்க அனுமதி கேட்டபோது, அவள் முகத்தைப் பார்த்தே போதகருக்கு விஷயம் புரிந்தது.

"பழிவாங்குறது கர்த்தரோட வேலைம்மா."

"அவரே செய்யட்டும் ஐயா. நான் எழுப்பி மட்டும் விடுறேன்."

கோயிலில் பேயாட்டமா என்று சூப்பர்வைசர் குதித்தார். ஆளில்லாத பெஞ்சுகளை எண்ணிப் பார்த்துப் போதகர் சம்மதித்தார்.

எர்த் இல்லாத இடத்தில் மண்ணுக்குள் இறங்கும் இரும்பில் ஒயரை மாட்டு என்பது மைக்செட் கடைப் பாடம். அவசரத்தில் அவள் பீடத்துக்குப் பின்னாலிருந்த இரும்புச் சிலுவையில் மாட்டினாள். அது மண்ணுக்குப் போகவில்லை. கூரையைத் துளைத்து மேலே போயிற்று. முதல் அடியிலேயே ஸ்பீக்கரிலிருந்து சத்தத்தோடு வெளிச்சமும் வந்தது. பெஞ்சு பெஞ்சாகத் தடவிக்கொண்டு போய் முதல் வரிசையில் நின்றது. இல்லாத சாவி சூப்பர்வைசரின் பையில் எரிந்தது.

அவள் கேட்டது அதையல்ல. ஆள் எரிய வேண்டும் என்றுதான் வாரா வாரம் இன்னும் வெறியாக வாசித்தாள். அவரும் சாவியைக் கிணற்றில் போட்டார், ஆற்றில் எறிந்தார்; ஞாயிறு காலை அது பைக்குத் திரும்பியது. பன்னிரண்டாவது ஞாயிறு அவள் பாதிப் பாட்டில் நிறுத்தி, மைக்கில் கேட்டாள்: "அண்ணே, இழுக்கணுமா, தள்ளணுமா?"

அவர் எழுந்து நடந்தார். சபை முழுக்கப் பின்னால் போயிற்று. கம்பெனிப் பின்கதவில் சாவியை நுழைத்துத் திருப்பினார், திறந்தது. "பூட்டித்தான் வச்சிருந்தேன்" என்றார்.

ஜெயிலில் இருந்த நாலு வருஷமும் அவர் அறைக்கு விளக்கு தேவைப்படவில்லை. திரும்பி வந்ததும் இஸ்திரிக்காரப் பெண்கள் தங்கள் தீர்ப்பைச் சொன்னார்கள்: வேலை விடும் நேரம் தினமும் அந்தக் கதவில் சாவியை உயர்த்திப் பிடித்து நிற்க வேண்டும். அங்கே படி வழுக்கும். சாவியோ அவர் கையில் மட்டும்தான் எரியும்.

தங்கை அவரை மன்னிக்கவில்லை. போதகர் கேட்கும்போதெல்லாம் கிடாருக்குத் தந்தி மாற்றிக்கொண்டிருப்பதாகச் சொல்வாள். ஆனால் கர்த்தரோடு பேச்சுவார்த்தை உண்டு, அதுவும் தெருமுனைவரை கேட்கும்படி.

வாட்ச்மேன் நோட்டில் தினமும் உள்ளே முப்பது, வெளியே முப்பத்தொன்று. கடைசியாக இறங்குகிறவளின் முடியில் புகை வாசம் இருக்கும். சூப்பர்வைசர் தலையைக் குனிந்து "பாத்துப் போம்மா" என்பார். அவள் அவரைத் தாண்டி நடப்பாள். வெளியே தங்கை வண்டியை உதைத்துக் கிளப்பி, "ஏறுக்கா, பசிக்குது" என்பாள்.