யூகோ கற்றுக்கொண்டது

யூகோ கொண்டுவந்த தட்டில் இரண்டு எவர்சில்வர் டம்ளர்களும் ஒரு பேப்பர் கப்பும் இருந்தன. ஒரு டம்ளரை என் முன்னால் வைத்தாள், இன்னொன்று அவளுக்கு. பேப்பர் கப்பை இரண்டு கைகளாலும் ஏந்தி, தலை குனிந்து, செம்மொழியிடம் நீட்டினாள்.

யூகோ ஜப்பான்காரப் பெண். நெல் ஆராய்ச்சிக்காக வந்தவள், ஆடியிலிருந்து பாபநாசத்தில் எங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறாள். வாசல் தெளிப்பது, இலையில் உப்பு வைக்கிற இடம், கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொல்லாமல் ‘போயிட்டு வரேன்’ என்பது, எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டாள். மிராசு வீட்டுப் பழக்கம் என்று தெருவில் சொல்வார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். வந்த புதிதில் அவள் சாதி பற்றிக் கேட்டபோது, “அதெல்லாம் எங்க அப்பா காலத்தோட போச்சும்மா” என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்.

செம்மொழி, எங்கள் வயலில் நடவு நட்ட காலனி ராமாயியின் மகள். இப்போது வலங்கைமானில் வேளாண்மை அலுவலர். தம்பி செழியன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்திருந்தாள். அந்த வீட்டிலிருந்து ஒருவர் எங்கள் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகை வைப்பது இதுதான் முதல் தடவை. அவள் அம்மா என்னை ஐயா என்பாள். இவள் சார் என்றாள்.

என் மனைவி பிரகதீஸ்வரி, கோயிலுக்குப் போயிருந்தாள். காபி போட யூகோ உள்ளே போனபோது, டம்ளரில் கொண்டுவா என்று சொல்ல மறந்துவிட்டேன். மறக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

செம்மொழி கப்பைப் பார்த்தாள். பிறகு என்னை.

“இதத் தனியா வச்சிருக்காங்களா?” என்று யூகோவிடம் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

யூகோவின் முகம் மலர்ந்தது. “ஆமா அக்கா. உங்க அம்மா வந்தா இதுலதான் குடுப்பாங்க. நான் பார்த்தேன்.”

சுத்தத்துக்காக வாங்கி வைத்தது என்று ஆரம்பித்தேன். என் கையிலிருந்த டம்ளர் கண்ணில் பட்டது. நிறுத்திக்கொண்டேன்.

செம்மொழி எழுந்து, வெற்றிலை பாக்குத் தட்டில் பத்திரிகையை வைத்து நீட்டினாள். “அவசியம் வரணும் சார். அங்க எல்லாருக்கும் ஒரே டம்ளர்தான். பரவால்லன்னா சாப்பிட்டுட்டுப் போங்க.” யூகோவின் தோளைத் தட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். காபியைத் தொடவில்லை.

வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியதும் யூகோ மெதுவாகக் கேட்டாள்.

“தாத்தா, நான் தப்பா செஞ்சேனா?”

“இல்லம்மா. எங்க வீட்ல செய்யற மாதிரியேதான் செஞ்சே.”

ஆறிய காபியில் ஆடை படர்ந்திருந்தது. கப்பை நானே எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். இந்தப் பக்கம் எங்கள் டம்ளர்கள் கிடக்கும் கழுவுதொட்டி. அந்தப் பக்கம் கொல்லைக் கதவு, அதற்கு வெளியே குப்பைக்குழி. காகிதம் ஊறி விரல்களுக்கிடையே நெகிழத் தொடங்கியது. பின்னால் யூகோ, நான் அதை எங்கே வைக்கிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.